கடல் சூழ்ந்த நாட்டில் ரின்மீன் எதற்கு?

கேள்வி: சுற்றிவரக் கடல் இருந்தும் எங்கள் வீட்டுக்கு வெளிநாட்டு ரின்மீன்தான் வருகிறது. அரசாங்கம் கூடுதலாகப் படகுகளைக் கொடுத்தால் மீன்பிடித்துறை முன்னேறாதா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: இலங்கையின் பிரத்தியேகப் பொருளாதார வலயம், அதாவது மீன்பிடிக்க நமக்கே உரிமையுள்ள கடற்பரப்பு, ஏறத்தாழ 5,17,000 சதுர கிலோமீற்றர், அதாவது நிலப்பரப்பைப் போல் ஏறக்குறைய எட்டு மடங்கு என்பதால், படகு போதவில்லை என்று தோன்றுவது இயல்பே. ஆயினும் கரையோரக் கடலில் ஏற்கெனவே நெரிசல் உண்டு. ஆழ்கடலுக்குச் செல்லும் பலநாள் படகுகளின் குறையோ மீன் அறையில் இருக்கிறது என்பது என் கருத்து. பயணம் வாரக்கணக்கில் நீளும்போது, முதல் நாட்களில் பிடித்த சூரை மேலுள்ள சுமையில் நசுங்கி, உருகிய ஐஸ் நீரில் ஊறி, கரை சேரும்போது வயிறு வெடித்துக் கிடக்கும். பேலியகொடை மொத்தச் சந்தையில் அதற்கு என்ன விலை கிடைக்கும்? கருவாட்டுக்காரர் சொல்வதுதான் விலை. பிடித்த உடனேயே இரத்தத்தை வடியவிட்டு, குடலையும் செவுளையும் அகற்றி, மீனுக்கு மீன் இடையில் ஐஸ் இட்டு அடுக்குவதற்குப் புதிய படகு வாங்கும் செலவில் சிறு பங்கும் ஆகாது.

ஏற்றுமதிக்கு இன்னொன்றும் வேண்டும். 2015 ஜனவரியில் இலங்கை மீன் இறக்குமதிக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடை நடைமுறைக்கு வந்ததற்கு மீனின் தரம் காரணமன்று. சர்வதேசக் கடலில் நம் படகுகள் செய்வதை அரசு போதிய அளவு கண்காணிக்கவில்லை என்பதே குற்றச்சாட்டு. படகுகளில் செய்மதிக் கருவிகளைப் பொருத்தி, சட்டத்தையும் இறுக்கிய பின்னர் 2016 ஜூனில் அத்தடை நீங்கியது.

கேள்வி: அப்படியானால் இறால் பண்ணைகளைப் பெருக்கலாமே? (வாசகி, வத்தளை)

பதில்: புத்தளம் மாவட்டத்தில் அவ்வாறு பெருக்கிப் பார்த்தாகிவிட்டது. ஒரு பண்ணை பொது வாய்க்காலில் வெளியேற்றிய நீரையே அடுத்த பண்ணை உள்ளெடுத்ததால், 1996இல் வந்த வெண்புள்ளி நோய் குளத்துக்குக் குளம் தாவிப் பெரும்பாலான பண்ணையாளரை நட்டத்தில் தள்ளியது. இப்போது பகுதி பகுதியாக முறை வைத்துக் குஞ்சு விடுகிறார்கள். எத்தனை பண்ணைகள் என்பதை அந்த வாய்க்கால் தாங்கும் அளவை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

எனது தெரிவு உலர்வலயத்தின் பருவகாலக் குளங்கள். மழையில் நிரம்பும்போது குஞ்சுகளை விட்டு, நீர் வற்றும்போது பிடிக்கலாம்; தீவனச் செலவு மிகக் குறைவு. 1952இல் கொண்டுவரப்பட்ட திலாப்பியா பெரிய குளங்களில் தானாகவே பெருகிவிட்டது. கெண்டை இனங்களுக்கோ ஒவ்வொரு பருவமும் குஞ்சு வாங்கி விட்டாக வேண்டும். 1990 முதல் 1994 வரை நன்னீர் மீன்பிடிக்கான ஆதரவை அரசு விலக்கிக்கொண்டபோது அந்தக் குஞ்சு வழங்கலே நின்றுபோனது. ஆகவே குளத்து மீனவர் சங்கங்கள் அறுவடைப் பணத்தில் ஒரு பங்கை அடுத்த பருவக் குஞ்சுகளுக்கென ஒதுக்கி வைப்பது அவசியம்.