டர்போ காரில் மேனுவல் பூஸ்ட் கன்ட்ரோலரை எவ்வளவு இறுக்கலாம்?

வேலூரில் ஓடும் தங்கள் டர்போ பெட்ரோல் காரில் புதிதாகப் பொருத்திய, பூஸ்ட்டை (டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை) கையால் திருகி மாற்றும் கன்ட்ரோலரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். குண்டும் ஸ்பிரிங்கும் கொண்ட வகையில், திருகை இறுக்க இறுக்க வேஸ்ட்கேட் (டர்போவைச் சுழற்றும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பிவிடும் வால்வு) தாமதமாகத் திறந்து பூஸ்ட் ஏறும் என்பதால், முதலில் முழுவதும் தளர்த்தி, வேஸ்ட்கேட்டை இயக்கும் ஆக்சுவேட்டரின் ஸ்பிரிங் தானே தரும் குறைந்தபட்ச அழுத்தத்தை பூஸ்ட் கேஜில் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் கீழே இறக்க இக்கருவியால் முடியாது. பிறகு சிறிது சிறிதாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் முழு ஆக்சிலரேட்டரில் சோதித்து (காரை உருளைகள் மேல் நிறுத்தி ஓட்டிச் சோதிக்கும் டைனோ கிடைத்தால் அதுவே உத்தமம்), முள் ஒரு கணம் எகிறித் தணிகிறதா என்று கவனியுங்கள். தணிந்த அளவை அல்ல, எகிறிய உச்சத்தையே இன்ஜின் தாங்கும் வரம்போடு ஒப்பிட வேண்டும். 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊர் வெயிலில் இன்ஜினுக்குள் போகும் காற்றே சூடாக இருப்பதால் நாக்கிங் (எரிபொருள் கலவை நேரம் தவறித் தானே எரிந்து தட்டும் சத்தம் எழுப்புவது) சீக்கிரம் வரும்; மார்கழியில் சிக்கலின்றி ஓடிய அளவைச் சித்திரையில் நம்பிவிடக் கூடாது. நாக்கிங் சத்தம் கேட்டால் உடனே காலை எடுத்துவிட்டு, திருகைத் தளர்த்துங்கள். அளவு அமைந்ததும் லாக் நட்டை இறுக்குங்கள். இல்லாவிட்டால் அதிர்வில் திருகு நகரும்.