பசுவின் சினைக்காலத்தில் நஞ்சுக்கொடித் திசுவை மாற்றியமைக்கும் புரதங்கள் எவை?

கேட்டவர் புரதங்களின் பெயர்களைக் கேட்டிருக்கிறார். கன்று ஈன்ற பின் நஞ்சுக்கொடி விழாமல் தங்கிவிடுவதற்கும் அவற்றுக்கும் தொடர்பு உண்டா என்றும் கேட்டிருக்கிறார். கால்நடை இனப்பெருக்கவியலைப் பாடமாகப் படித்தவன் என்ற முறையில் விடையளிக்கிறேன். என் பார்வையில் இரண்டாவது கேள்விதான் முதல் கேள்விக்கு அர்த்தம் தருகிறது.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மனித நஞ்சுக்கொடியைப் போலப் பசுவின் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு ஆழமாக இறங்குவதில்லை. கருப்பையின் உட்புறத்தில் ஏறத்தாழ 80 முதல் 120 வரையிலான கரங்கிள் எனும் மேடுகள் இருக்கின்றன. கருவின் உறையிலிருந்து வளரும் கோட்டிலிடன்கள் அவற்றின் குழிகளுக்குள் விரல்களை நுழைத்தாற்போலப் பொருந்தி, பிளாசென்டோம் என்ற கூட்டு உறுப்பாகின்றன. ஏறத்தாழ 280 நாள் நீளும் சினைக்காலத்தில் இந்தப் பொருத்தம் குலையாமலே பிளாசென்டோம்கள் பன்மடங்கு பெரிதாக வேண்டும். அதற்கு, செல்களைச் சுற்றியுள்ள கொலாஜன், லாமினின், ஃபைப்ரோனெக்டின் ஆகிய புரதங்களாலான வலை ஓயாமல் அறுக்கப்பட்டு, மறுபடியும் பின்னப்பட வேண்டும்.

அறுக்கும் வேலையில் முதன்மையானவை மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டீனேஸ்கள், சுருக்கமாக எம்எம்பிகள். இவை துத்தநாக அயனியைக் கொண்டு இயங்கும் நொதிகள். செயலற்ற முன்வடிவில் சுரக்கப்பட்டு, பின்னரே விழித்தெழுகின்றன. பிளாசென்டோமில் அதிகம் ஆராயப்பட்டவை எம்எம்பி-2, எம்எம்பி-9 என்னும் இரண்டு ஜெலட்டினேஸ்கள். செல் அடுக்குகளைத் தாங்கும் மெல்லிய படலமான அடித்தளச் சவ்வின் நான்காம் வகைக் கொலாஜனைச் சிதைக்க வல்லவை. முதலாம் வகைக் கொலாஜனின் உறுதியான இழைகளை முதலில் வெட்டுவது எம்எம்பி-1 போன்ற கொலாஜனேஸ்கள். வெட்டுண்டு தளர்ந்த துண்டுகளை ஜெலட்டினேஸ்கள் தொடர்ந்து சிதைக்கின்றன. யூரோகைனேஸ் வகைப் பிளாஸ்மினோஜன் தூண்டி உருவாக்கும் பிளாஸ்மின் என்ற நொதி, இத்தகைய முன்வடிவங்கள் சிலவற்றைச் செயல்படுத்த உதவுகிறது. எம்ப்ரின் என்ற சவ்வுப் புரதம், அருகிலுள்ள செல்களை எம்எம்பிகளைச் சுரக்குமாறு தூண்டுகிறது.

இவற்றுக்குக் கடிவாளம் போடுபவை டிம்ப் எனப்படும் தடுப்புப் புரதங்கள். எனினும் டிம்ப்-2ஐ வெறும் தடுப்பான் என்று எழுதிவிட்டுப் போவது எனக்கு உடன்பாடில்லை. செல்லின் மேற்பரப்பில் உள்ள எம்எம்பி-14 உடன் டிம்ப்-2 இணையும்போது, எம்எம்பி-2இன் முன்வடிவம் அந்த இணைப்பின் மேல் வந்தமர்கிறது. பக்கத்திலிருக்கும் இன்னொரு எம்எம்பி-14 மூலக்கூறு அதை வெட்டிச் செயல்படுத்துகிறது. ஆக, டிம்ப்-2 அளவோடு இருந்தால் நொதி எழுகிறது, மிகுந்துவிட்டால் அடங்குகிறது. திசுவில் ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் அளந்து முடிவு சொல்வது ஆபத்தானது என்பதற்கு இது நல்ல சான்று.

அசைபோடும் இனங்களுக்கே உரிய, இரண்டு உட்கருக்கள் கொண்ட இருகரு செல்களையும் சொல்லாமல் விட முடியாது. கருவின் உறையில் தாயின் பக்கமுள்ள டிரோஃபோபிளாஸ்ட் அடுக்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக இருக்கும் இவை, தாயின் கருப்பை எபிதீலிய (மேற்படல) செல்களுடன் இணைந்து மூன்று உட்கருக்கள் கொண்ட செல்களாகி, பிளாசென்டல் லாக்டோஜன் என்ற ஹார்மோனையும் சினைசார் கிளைகோபுரதங்களையும் தாயின் பக்கம் கொட்டுகின்றன. சினைசார் கிளைகோபுரதங்கள் பெப்சினின் உறவினங்கள். ஆனால் அவற்றில் பல, செயல்மையத்தில் ஏற்பட்ட மாற்றங்களால் வெட்டும் திறனை இழந்தவை. இரத்தத்தில் சினையைக் கண்டறிய உதவுவதால் பெரும் புகழ் பெற்ற இவற்றைத் திசுவை வெட்டும் நொதிகளாகவே கருதுவது அவசர முடிவு. இரத்தக் குழாய்களின் பெருக்கத்தை விஇஜிஎஃப், எஃப்ஜிஎஃப் குடும்ப வளர்ச்சிக் காரணிகள் முன்னின்று நடத்துகின்றன. அது தனியே எழுத வேண்டிய பொருள்.

இனி, நஞ்சுக்கொடி தங்குவது. வழக்கமாக ஈன்ற சில மணி நேரத்தில் விழவேண்டியது, 12 மணி நேரம் கடந்தும் விழாவிட்டால் தங்கிவிட்டதாகக் கொள்வது பரவலான வழக்கம். 24 மணி நேரத்தை எல்லையாகக் கொள்வோரும் உண்டு. ஈனும் காலம் நெருங்கும்போது கரங்கிளின் எபிதீலியம் தட்டையாகிறது, இருகரு செல்களின் எண்ணிக்கை குறைகிறது, கொலாஜன் கரையத் தொடங்குகிறது. இந்த முதிர்ச்சி முழுமையடையாமல் கன்று பிறந்துவிட்டால், கோட்டிலிடனும் கரங்கிளும் பிரிவதில்லை. கருச்சிதைவிலும், மருந்து கொடுத்து முன்கூட்டியே ஈனச் செய்த பசுக்களிலும் இது மிகுதியாக வருவதற்கு இதுவே முக்கியக் காரணம். பிரிவை முடித்துவைப்பதில் நோயெதிர்ப்புச் செல்களுக்கும் பங்குண்டு: பிளாசென்டோமுக்கு நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்களை ஈர்க்கும் இன்டர்லூகின்-8 என்ற சமிக்ஞைப் புரதம் குறைவாகவும், அவற்றின் செயல்திறன் மங்கியும் இருக்கும் பசுக்களில் தங்குதல் அதிகம் காணப்பட்டுள்ளது.

கொலாஜன் சிதைவே பூட்டைத் திறக்கிறது என்ற கருத்தைச் சோதிக்க, பாக்டீரியாவிலிருந்து பெறப்பட்ட கொலாஜனேஸைத் தங்கிவிட்ட நஞ்சுக்கொடியின் தொப்புள் தமனிகள் வழியாகச் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள்; அது பிரிவை விரைவுபடுத்தியது. செலவும் சிரமமும் காரணமாக அது அன்றாடச் சிகிச்சையாகவில்லை. கையை விட்டு இழுத்து எடுப்பதை இன்று பெரும்பாலான மருத்துவர்கள் ஏற்பதில்லை, ஏனெனில் புரதங்கள் இன்னும் தளர்த்தாத இணைப்பைப் பலவந்தமாகப் பிய்க்கும்போது கரங்கிளே காயப்பட்டு, கருப்பையில் தொற்று பரவ வழி ஏற்படுகிறது.