சூசன் பி. ஆந்தனி ஓட்டுப் போட்டதற்காகவா கைதானார்?

ஆமாம், நிஜமாகவே. அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய ஆந்தனி, 1872 நவம்பர் 5 அன்று ராச்செஸ்டர் நகரில் அதிபர் தேர்தலில் ஓட்டுப் போட்டார். இரண்டே வாரத்துக்குள் கைது செய்ய அதிகாரி வீட்டுக்கே வந்துவிட்டார்.

அடுத்த ஜூனில் விசாரணை. நீதிபதி வார்டு ஹன்ட் ஜூரிகளைக் கலந்து பேசவே விடவில்லை. குற்றவாளி என்று சொல்லும்படி உத்தரவிட்டுவிட்டார். இதுக்குப் பேர் விசாரணையாம்! அபராதம் 100 டாலர். ஒரு டாலர்கூடக் கட்ட மாட்டேன் என்று கோர்ட்டிலேயே சொன்னார், கடைசிவரை கட்டவும் இல்லை.

சரி, ஜெயிலில் போட்டிருக்கலாமே? அங்கேதான் சூட்சுமம். சிறையில் அடைத்திருந்தால் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போயிருப்பார். நீதிபதி அந்த வழியை அடைத்துவிட்டார்.

ஆந்தனி 1906இல் காலமானார். பெண்களுக்கு வாக்குரிமை தந்த அமெரிக்க அரசியல் சட்டத்தின் 19ஆவது திருத்தம் வந்தது 1920இல்.