டிபிஏ தேர்வுக்கு எதை வாங்குவது, எதை விடுவது: ஒரு தாய்க்குப் பதில்

வணக்கம் அம்மா,

மகள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு ஆரக்கிள் நிறுவனத்தின் டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) சான்றிதழுக்குப் படிக்கிறாள், கோச்சிங் சென்டரில் "இதைப் படித்தால் போதும், அப்படியே வரும்" என்று ஒரு கேள்வித் தொகுப்புக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள், கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்ட வேண்டாம்.

பிள்ளைகள் இதை டம்ப்ஸ் என்பார்கள். தேர்வு எழுதியவர்கள் மனப்பாடம் செய்து வெளியே கொண்டுவந்த கேள்விகள் அவை. ஆரக்கிளும் சரி, மைக்ரோசாஃப்டும் சரி, இதை விதிமீறலாகவே பார்க்கின்றன. கண்டுபிடித்தால் மதிப்பெண்ணை ரத்து செய்யலாம், கொடுத்த சான்றிதழைத் திரும்பப் பெறலாம், மறுபடி தேர்வு எழுதவிடாமல் தடுக்கலாம். யார் கண்ணிலும் படாமல் பாஸ் ஆகிவிட்டாலும் நேர்காணல் என்று ஒன்று இருக்கிறது. "ராத்திரி யாரோ ஒரு டேபிளை டிராப் பண்ணிட்டாங்க. நீ என்னம்மா செய்வே?" என்று கேட்பார்கள். அங்கே நான்கு விடைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது. சான்றிதழை வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்கு முழிக்கும் பிள்ளையைப் பார்ப்பது எனக்கு மிகவும் வேதனையாக இருக்கும்.

மாதிரித் தேர்வு வேறு, டம்ப்ஸ் வேறு. ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடை ஏன் சரி, மற்றவை ஏன் தவறு என்று விளக்கியிருந்தால் அது படிப்பதற்கான பொருள். "உண்மையான கேள்விகள்", "பாஸ் கியாரண்டி" என்று விளம்பரம் செய்தால் தொடவே வேண்டாம்.

சரி, எதைப் படிப்பது? முதலில் எந்தத் தேர்வு என்று மகளிடம் கேளுங்கள். ஆரக்கிள் டேட்டாபேஸின் 19சி பதிப்புக்கான வரிசையில் 082, 083 என்று இரண்டு தாள்கள். முழுச் சான்றிதழுக்கு இரண்டும் வேண்டும். பலரும் கவனிக்காத விஷயம், 082-இல் நிர்வாகம் மட்டுமல்ல, டேட்டாபேஸிலிருந்து தகவலைக் கேட்டு எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல்லும் கணிசமாக வரும். ஜாயின், சப்குவெரி, குரூப் பை எல்லாம் கேட்பார்கள். "டிபிஏ ஆகப்போகிறவளுக்கு செலக்ட் எழுதுவது எதற்கு?" என்று அதைத் தள்ளிவைத்துவிட்டுப் போனால் அந்தப் பகுதியில் மதிப்பெண் கை நழுவிவிடும்.

ஒவ்வொரு தாளுக்கும் பாடத்தலைப்புகளின் பட்டியலை ஆரக்கிளே தன் தளத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. அதைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். எந்தப் புத்தகம், எந்த வீடியோ, எந்த நோட்ஸ் கைக்கு வந்தாலும் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

பழைய புத்தகம் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சென்னை மூர் மார்க்கெட்டில் குறைந்த விலைக்கு நல்ல தடிமனான ஆரக்கிள் புத்தகங்கள் கிடைக்கும்தான். ஆனால் அட்டையில் 10ஜி, 11ஜி என்று பழைய பதிப்பின் பெயர் இருந்தால் விட்டுவிடுங்கள். 2013-இல் வந்த 12சி-யில்தான் ஒரு பெரிய கன்டெய்னர் டேட்டாபேஸுக்குள் பல ப்ளக்கபிள் டேட்டாபேஸ்களை வைக்கும் அமைப்பு வந்தது. 21சி முதல் அந்த ஒரு அமைப்புதான், பழைய முறைக்கு இடமே இல்லை. 11ஜி புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது, தேர்விலோ அதைத் தொடாமல் தப்ப முடியாது. மைக்ரோசாஃப்ட் பக்கமும் இதே கதைதான். எஸ்க்யூஎல் சர்வர் என்ற அவர்களுடைய டேட்டாபேஸுக்கான எம்சிஎஸ்ஏ சான்றிதழ்த் தேர்வுகளை 2021 ஜனவரி இறுதியோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது அங்கே டிபி-300 என்ற அஷூர் (மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவை) தேர்வு, அதற்குப் பாடமும் மாதிரித் தேர்வும் அவர்களே இலவசமாகத் தருகிறார்கள்.

படிக்க வேண்டிய முதல் நூல் ஆரக்கிளின் சொந்த ஆவணங்கள். காசு கிடையாது. கான்செப்ட்ஸ் என்ற தொகுப்பில் தொடங்கட்டும். அடுத்து நிர்வாகி வழிகாட்டி, அதன் பிறகு பேக்கப், ரெக்கவரி பற்றியது. ஆங்கிலம் கஷ்டமாக இருக்கிறது என்று மகள் சொன்னால் தமிழ் யூடியூப் விளக்கங்களை முதலில் பார்க்கட்டும், தவறே இல்லை. பார்த்த அன்றே அதே தலைப்பை ஆவணத்தில் ஒருமுறை படித்துவிட வேண்டும். தேர்வு ஆங்கிலத்தில்தான் வரும், வேலையில் பிழைச்செய்தியும் ஆங்கிலத்தில்தான் வரும்.

இதையெல்லாம்விட முக்கியமான பாடப்பொருள் உங்கள் வீட்டு லேப்டாப்பிலேயே இருக்கிறது. ஆரக்கிளின் இலவசப் பதிப்பை இறக்கி நிறுவலாம். 2 ஜிபி ரேம், 12 ஜிபி டேட்டா என்று வரம்பு உண்டு, பழகுவதற்கு அது தாராளம். 083-இல் வரும் சில பகுதிகள் அதில் இருக்காது. அதற்கு, கற்றுக்கொள்ளவும் சோதித்துப் பார்க்கவும் ஆரக்கிள் அனுமதிக்கும் 19சி முழுப் பதிப்பை விர்ச்சுவல்பாக்ஸில் (லேப்டாப்புக்குள் இன்னொரு கணினியைப் போல இயங்கும் மென்பொருள்) லினக்ஸ் போட்டு நிறுவிக்கொள்ளலாம்.

நிறுவியபின் மகள் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், அவளிடம் காட்டுங்கள். முதலில் ஆர்மேன் என்ற ஆரக்கிளின் பேக்கப் கருவியைக் கொண்டு பேக்கப் எடுக்க முயலட்டும். டேட்டாபேஸ் ஓபனாக இருக்க, ஆர்க்கைவ்லாக் மோடு (மாற்றங்களின் பதிவுகளைச் சேமித்துவைக்கும் முறை) போடாமல் இருந்தால் ஓஆர்ஏ-19602 என்ற பிழை எண்ணோடு மறுத்துவிடும். அந்த மோடு எதற்கு என்று அந்த இடத்தில் புரியும். மோடை மாற்றி முழு பேக்கப் எடுத்த பிறகு டேட்டாபேஸை ஒழுங்காக ஷட்டவுன் செய்துவிட்டு, ரூட் கன்டெய்னரின் யூசர்ஸ் டேட்டாஃபைலை (தரவு இருக்கும் ஒரு ஃபைல்) வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிடட்டும். பிறகு ஸ்டார்ட்டப். மவுண்ட் ஆகும், ஓபன் ஆகாது. ஓஆர்ஏ-01157, கூடவே ஓஆர்ஏ-01110 வரும். எந்த எண் ஃபைல், எந்தப் பாதையில் இருந்தது என்று அதிலேயே எழுதியிருக்கும். அந்த எண்ணைக் கொடுத்து ரிஸ்டோர் (பேக்கப்பிலிருந்து ஃபைலைத் திரும்பக் கொண்டுவருவது), அதே எண்ணுக்கு ரிக்கவர் (பேக்கப்புக்குப் பின் நடந்த மாற்றங்களை அதில் சேர்ப்பது), பிறகு ஓபன். கை நடுங்காமல் இதைச் செய்யும்வரை திரும்பத் திரும்பச் செய்யட்டும். அடுத்து, டேட்டாபேஸின் ஃபைல்கள் எங்கே இருக்கின்றன என்று குறித்துவைக்கும் கன்ட்ரோல் ஃபைல்களில் ஒன்றை எடுத்துவிட்டுப் பார்க்கட்டும். ரிஸ்டோருக்கும் ரிக்கவருக்கும் என்ன வித்தியாசம் என்று எத்தனை பக்கம் படித்தாலும் பிடிபடாதது இந்த ஒரு மாலையில் பிடிபடும். செய்த ஒவ்வொன்றையும், வந்த பிழை எண்ணோடு, ஒரு நோட்டில் எழுதிவைத்தால் நேர்காணலுக்கு முந்தைய இரவு புரட்ட அதுவே போதும்.

சென்டருக்குப் போவது வீண் என்று நான் சொல்லவில்லை. லேப் இருக்கிறதா, பயிற்றுநர் டிபிஏவாக வேலை பார்த்தவரா என்று நேரில் போய்க் கேளுங்கள். இரண்டும் இருந்தால் தொடரட்டும். கேள்வித் தொகுப்பை மட்டும் நம்பி நடத்துகிறார்கள் என்றால் மீதித் தவணையைக் கட்டாமல் நிறுத்திக்கொள்வது நல்லது.

தேர்வுக் கட்டணம் கட்டுமுன் ஒன்றைச் சரிபாருங்கள். பதிவுக் கணக்கில் உள்ள பெயரும், தேர்வு நாளில் காட்டப்போகும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு மார்க்‌ஷீட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும். எந்த அட்டையைக் காட்டப்போகிறாளோ அதில் உள்ளபடியே கணக்கைத் திறக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே வேறு மாதிரி திறந்திருந்தால் திருத்த நாளாகலாம், இந்த வாரமே எழுதிக் கேட்டுவிடட்டும்.