ஊமிஸ்டா முகமூடிகள் – கடிதம்

வணக்கம். போன அக்டோபரில் மகள் வீட்டுக்குக் கனடா போயிருந்தபோது அலர்ட் பே என்ற ஊரில் ஊமிஸ்டா பண்பாட்டு மையத்தைப் பார்த்தோம். குவாக்வாக்யவாக் பழங்குடிகள் தாங்களே நடத்துவது. முகமூடிகள் அற்புதம். ஆனால் ஒன்றின் கதையைக் கேட்டால், "அது அந்தக் குடும்பத்துக்குரியது, நான் சொல்லக்கூடாது" என்கிறார் அங்கிருந்த பெண். அருங்காட்சியகம் என்று வைத்து டிக்கெட்டும் வாங்கிவிட்டுப் பாதியை மறைத்தால் எப்படி? அறிவு எல்லோருக்கும் பொதுதானே?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

அந்த மக்களிடம் பாட்டும் ஆட்டமும் முகமூடியும் நிலபுலன் மாதிரி உரிமையுள்ள சொத்து. கல்யாணத்திலோ வாரிசு வழியிலோ அது கைமாறும்போது ஊரைக் கூட்டி, ஆடிக் காட்டி, வந்த அத்தனை பேருக்கும் பரிசு கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டவர்கள் அதற்குச் சாட்சி. அந்த விழாதான் பாட்லாட்ச்.

கனடா அரசு அதை 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டுத் தடுத்தது. 1921 டிசம்பரில் வில்லேஜ் தீவில் அந்த மக்களின் தலைவர்களில் ஒருவரான டான் கிரான்மர் நடத்திய பாட்லாட்சுக்குப் போனவர்கள்மேல் வழக்கு. என்ன குற்றம் தெரியுமா? ஆடியது, பேசியது, பரிசுப் பொருளைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொடுத்தது! முகமூடிகளை ஒப்படைத்தால் தண்டனையை நிறுத்திவைக்கிறோம் என்றார்கள். இணங்காதவர்கள் சிறைக்குப் போனார்கள். பறித்ததையெல்லாம் அரசு அதிகாரி ஹாலிடே அதே அலர்ட் பேயில், தேவாலயக் கூடத்தில் பரப்பிவைத்துக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டினார். அப்புறம் ஒரு பகுதியை நியூயார்க் சேகரிப்பாளர் ஜார்ஜ் ஹேயிடம் விற்றுவிட்டார், மிச்சம் ஒட்டாவாவுக்குப் போனது. டிக்கெட் போட்டு எல்லாவற்றையும் காட்டுவது என்றால் அந்த ஊர் அதை ஏற்கெனவே பார்த்திருக்கிறது.

பல வருடம் போராடித் திரும்பக் கேட்டபோதும், அருங்காட்சியகம் கட்டினால்தான் தருவோம் என்று நிபந்தனை. அப்படித்தான் 1980இல் ஊமிஸ்டா வந்தது. தாங்களாக விரும்பித் தேர்ந்த வடிவம்கூட இல்லை, ஆனால் அதற்குள் தங்கள் முறையைக் கொண்டுவந்துவிட்டார்கள் பாருங்கள்: முகமூடிகளுக்குமுன் கண்ணாடி கிடையாது, அத்தனை வருடம் பூட்டிக்கிடந்தவற்றை மறுபடி பூட்ட வேண்டாம் என்று. வைத்திருக்கும் வரிசைகூட, பாட்லாட்சில் எது எப்போது ஆட வருமோ அந்த வரிசை.

அந்தப் பெண் சொல்ல மறுத்ததும் இதே முறைதான். உடையவர்களைக் கேட்காமல் அவர் கதையைச் சொல்லியிருந்தால் ஹாலிடே செய்ததையே கொஞ்சம் மரியாதையாகச் செய்ததாகியிருக்கும். எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு வருகிறது. அடுத்த முறை கோடையில் போங்கள். அங்கே 'பெரிய வீடு' என்கிற விழாக்கூடத்தில் அந்த ஊர் இளையவர்கள் வெளியாட்களுக்காக ஆடுவார்கள். சொல்லக்கூடியதை அவர்களே சொல்வார்கள், கேளுங்கள்.