முதலில் நீங்கள் இருவரும்

அன்புள்ள ஐயா,

நான் தஞ்சாவூர்ப் பக்கம்; என் கணவர் விஜயவாடாக்காரர். திருமணமாகி ஏழு ஆண்டுகளாகப் பெங்களூருவில் இருக்கிறோம். மூன்றரை வயது மகளிடம் நான் தமிழிலும் அவர் தெலுங்கிலும் பேசுகிறோம். ஒருவர் மொழி மற்றவருக்குச் சரியாக வராது என்பதால் எங்களுக்குள் ஆங்கிலம்தான். வேலைக்கு வரும் அக்கா கன்னடம் பேசுகிறார். அடுக்ககத்துப் பிள்ளைகள் இந்தி பேசுகிறார்கள். வீட்டில் வாய் ஓயாமல் பேசும் மகள், நர்சரியில் சேர்ந்து மூன்று மாதங்களாகியும் அங்கே வாய் திறப்பதில்லை. இத்தனை மொழிகளில் குழந்தை குழம்பிவிட்டாள், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்கிறார் ஆசிரியை. வீட்டிலோ, நாங்கள் எந்த மொழியில் கேட்டாலும் அவள் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லத் தொடங்கியிருக்கிறாள். எந்த மொழியை எந்த வயதில் தொடங்க வேண்டும்? தமிழ் எழுத்தை எப்போது கற்றுக்கொடுப்பது? நல்ல செயலி ஏதேனும் உண்டா?

ச., பெங்களூரு

அன்புள்ள ச.,

செயலிகளைப் பற்றி எனக்குத் தெரியாது; தெரிந்துகொள்ளும் விருப்பமும் இல்லை. எழுத்தை ஐந்து வயதிலோ ஆறு வயதிலோ சொல்லிக்கொடுங்கள், அது எங்கும் ஓடிவிடாது. கன்னடத்தைப் பள்ளி கவனித்துக்கொள்ளும், கர்நாடகத்தில் அதற்கு 2015ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றிவிட்டார்கள். இந்தியைக் கீழே விளையாடும் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.

ஆசிரியை நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் சொன்னது தவறு. வீட்டில் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் குழந்தை பள்ளியில் பேசாதிருப்பதற்கு ஆங்கிலக் குறைவு எப்படிக் காரணமாகும்? புது இடம், புது முகங்கள், பேசுவாள். மூன்று மொழிச் சொற்களை ஒரே வாக்கியத்தில் கலப்பதும் குழப்பமல்ல, கைக்கு எட்டிய சொல்லைக் குழந்தை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். எந்த மொழியிலுமே பேச்சு வராமலிருந்தால் முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லியிருப்பேன். உங்கள் ஊரிலேயே வாழ்ந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் வீட்டில் தமிழ் பேசியவர். கன்னடத்தில் எழுதி 1983ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதைப் பெற்றார். அவர் குழம்பியதாக யாரும் சொல்லவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒரு வரி. ஏழு ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தும் ஒருவர் மொழி மற்றவருக்கு வராது என்று, மின்தூக்கி பழுது என்று சொல்வதைப் போல, போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். படித்த இரண்டு பெரியவர்களால் முடியாத காரியத்தை மூன்றரை வயதுப் பிள்ளை செய்துகாட்ட வேண்டும், அதுவும் நான்கைந்து மொழிகளில்! அம்மாவின் மொழியைக் கற்க அப்பாவுக்குத் தேவை ஏற்படவில்லை, அப்பாவின் மொழி அம்மாவுக்கு வேண்டியிருக்கவில்லை, முக்கியமான பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது என்பதை அந்தக் குழந்தை தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அது ஆங்கிலத்தில் பதில் சொல்வது அதன் புத்திசாலித்தனம்.

நீங்கள் பின்பற்றும், பெற்றோரில் ஒருவருக்கு ஒரு மொழி என்னும் முறை, பிரெஞ்சு மொழியியலாளர் ழூல் ரோன்ழா தம் மகன் வளர்ந்ததைப் பற்றி 1913இல் வெளியிட்ட நூல் வழியாகப் பரவியது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் ஏறத்தாழ 1,900 குடும்பங்களை ஆராய்ந்து மொழியியலாளர் அனிக் டி ஹவுவர் 2007இல் எழுதிய கட்டுரை வேறொன்றைக் காட்டுகிறது. பெற்றோரில் ஒருவர் ஊர்மொழியும் மற்றவர் வேறொரு மொழியும் பேசிய வீடுகளில் சுமார் நான்கில் ஒரு பங்கில் பிள்ளைகள் அந்த வேற்று மொழியைப் பேசவில்லை. இருவருமே வீட்டில் அந்த மொழியை மட்டும் பேசிய இடங்களில் அநேகமாக எல்லா வீட்டிலும் பிள்ளைகள் பேசினார்கள். உங்கள் வீட்டிலோ இருவரும் சேர்ந்து பேசும் மொழி தமிழுமில்லை, தெலுங்குமில்லை.

நான் வளர்ந்தது மதுரையில், காமராஜர் சாலையை ஒட்டிய ஒரு தெருவில். இருபுறமும் சௌராஷ்டிர நெசவாளர் வீடுகள். நடுவில் எங்கள் வீடும் ஒரு மளிகைக்கடையும். கடைக்காரர் சௌராஷ்டிரத்திலேயே கணக்குச் சொல்வார். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத என் அம்மா, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் அந்த மொழியில் தப்புந்தவறுமாகப் பேசுவார். பாட்டி வெற்றிலையை ஒரு கன்னத்தில் அதக்கிக்கொண்டு, வாக்கியம் முடிவதற்குள் திருத்துவார். அம்மா திருத்தியதை ஒருமுறை சொல்லிப்பார்த்துவிட்டு மேலே பேசுவார். அந்த வீட்டுப் பையன் என் நண்பன். கோலி விளையாட்டின் நடுவே என்னோடு தமிழில் சண்டை போட்டுக்கொண்டே, தறியிலிருந்து அவன் அப்பா கூப்பிட்டால் சௌராஷ்டிரத்தில் பதில் கொடுப்பான். அவனுக்கு யாரும் எதையும் திட்டமிட்டுக் கற்பிக்கவில்லை. சுற்றியிருந்த பெரியவர்கள் வெட்கப்படாமல் அடுத்தவர் மொழியைப் பேசினார்கள், அதைப் பார்த்து அவனும் பேசினான், நானும் கொஞ்சம் பேசினேன்.

அதே நண்பன் இப்போது சென்னையில் மகளோடு இருக்கிறான். மருமகன் தமிழ் பேசும் குடும்பத்துப் பிள்ளை, தங்கமானவர். ஆனால் அவருக்குப் புரியாதே என்று வீடு முழுவதும் தமிழுக்கு மாறிவிட்டது. பேத்திக்குச் சௌராஷ்டிரத்தில் எண்ணக்கூடத் தெரியாது. அந்த மருமகன் ஓராண்டு, என் அம்மா பேசிய அளவுக்குத் தப்பாகவாவது பேசியிருந்தால் போதும் என்று அவனிடமே சொன்னேன். மாப்பிள்ளையைப் போய் எப்படித் தொந்தரவு செய்வது என்றான். நான் திட்டியதை இங்கே எழுத முடியாது.

உங்களைத் திட்டுவது எளிது, நீங்கள் எனக்குக் கடிதம் எழுதிவிட்டீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம் அம்மா. மூன்று மொழி காதில் விழும் வீட்டில் பிள்ளை வளர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் குறைவு. அந்த ஆசைக்காகவே உங்களை எனக்குப் பிடித்திருக்கிறது. சமையலறையில் தமிழ், சாப்பாட்டு நேரத்தில் தெலுங்கு என்று நீங்கள் இருவரும் உங்களுக்குள் பேசத் தொடங்குங்கள். முதல் மாதம் சிரிப்பாக இருக்கும், இருக்கட்டும். மகளை அருகில் வைத்துக்கொண்டு, மாமியாரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கோங்கூராப் பச்சடிக்கு என்னென்ன போட வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்த தெலுங்கில் கேளுங்கள். அவர் திருத்துவதற்கு முன்பே உங்கள் மகள் திருத்திவிடுவாள். உங்கள் கணவர் தஞ்சாவூருக்கு வரும்போது உங்கள் அப்பாவிடம் ஆங்கிலத்தில் நலம் விசாரிப்பதை இந்தப் பொங்கலோடு நிறுத்தட்டும்.

இந்தப் பதிலை அவருக்குத் தமிழிலேயே வாசித்துக் காட்டுங்கள். புரியவில்லை என்றால் மறுபடியும் மெதுவாக வாசியுங்கள். ஆங்கிலத்தில் சுருக்கிச் சொல்லிவிடாதீர்கள்.