மின் ஸ்கூட்டர் மானியம்: கேளுங்கள், சொல்கிறேன்

ஓசூரில் மோட்டார் பாகங்கள் செய்யும் பட்டறையில் பதினாறு வருடமாக இருக்கிறேன். தெரிந்தவரை சொல்கிறேன்.

தர்மபுரி: அண்ணா, மானியம் ஏன் குறைந்துகொண்டே வருகிறது?

பேட்டரி அளவை வைத்துத்தான் மத்திய அரசின் மானியம். 2021 ஜூனில் பேட்டரி கொள்ளளவில் ஒரு யூனிட்டுக்கு (கிலோவாட் மணி) 15,000 ரூபாய், 2023 ஜூனில் 10,000, 2024 ஏப்ரலில் 5,000, 2025 ஏப்ரலில் 2,500, அதுவும் வண்டிக்கு 5,000-ஐத் தாண்டாது என்று வைத்தார்கள். விற்பனை சூடு பிடிக்கும்வரை கொடுக்கிற காசு இது. அதை நம்பித் தவணைக் கணக்குப் போடாதீர்கள்.

காவேரிப்பட்டணம்: யாரிடம் போய் வாங்குவது?

எங்கும் போக வேண்டாம். கம்பெனியே விலையில் கழித்துவிட்டு அரசிடம் வாங்கிக்கொள்ளும். பில்லில் கழித்திருக்கிறதா என்று பாருங்கள்.

பாலக்கோடு: தொப்பூர் கணவாயில் இரண்டு பேரோடு ஏறுமா?

ஷோரூமில் கேட்டு, ஆளை ஏற்றி ஓட்டிப் பாருங்கள்.

பர்கூர்: மானியத்தை வைத்துத்தானே சீனாக்காரன் உலகச் சந்தையைப் பிடித்தான்?

பாதி சரி. வாங்குபவருக்கான மானியத்தை 2022 முடிவோடு நிறுத்திவிட்டார்கள், ஆனால் அதற்குள் பேட்டரி செல், காந்தம், மோட்டார் எல்லாம் அங்கேயே செய்யப் பழகிவிட்டார்கள். 2024-ல் சீன மின் கார்களுக்கு அமெரிக்கா 100 சதவீத வரி போட்டது, ஐரோப்பா வழக்கமான 10 சதவீதத்துக்கு மேல் கம்பெனியைப் பொறுத்து 35.3 சதவீதம்வரை போட்டது. சரி, வண்டியை வரியால் தடுக்கலாம், காந்தத்துக்கு என்ன செய்வது? சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் ஹப் மோட்டார் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள், உள்வட்டம் முழுக்க விரல் அகலத்துக்குக் காந்தத் துண்டுகள் ஒட்டியிருக்கும், ஸ்பேனரைக் கிட்டே கொண்டுபோனால் கையிலிருந்து பிடுங்கும். சூட்டில் அதன் பலம் குறையாமலிருக்க டிஸ்ப்ரோசியம் என்ற அரிய உலோகத்தைச் சேர்ப்பார்கள். 2025 ஏப்ரலில் அனுமதி இல்லாமல் அந்த உலோகத்தையும் அது சேர்ந்த காந்தத்தையும் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்று சீனா சொன்னதும் இங்கே வண்டிக் கம்பெனிகள் தவித்துப்போயின.

சூளகிரி: அப்போ எங்களுக்கு ஐயாயிரம்கூட வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை தம்பி. ஷோரூமில் கழிகிற காசு அந்த வண்டியோடு போய்விடும். செல் உற்பத்திக்கு 2021-ல் 18,100 கோடி, காந்தத்துக்கு 2025 நவம்பரில் 7,280 கோடி என்று மத்திய அரசு ஒதுக்கியதே, நாம் குரல் கொடுக்க வேண்டியது அதற்குத்தான்.

பர்கூர்: அதையும் பெரிய கம்பெனிகள்தானே சாப்பிடும்?

செல் திட்டத்தில் செய்து விற்றால்தான் காசு, பலகை மாட்டினால் கிடைக்காது. அந்த நிபந்தனையைத் தளர்த்தினால் உங்களோடு நானும் சண்டைக்கு வருவேன்.

ஊத்தங்கரை: இப்போ மானியம் எவ்வளவு?

2025 ஏப்ரல்வரை உள்ள கணக்கை முதல் பதிலில் சொல்லிவிட்டேன், இன்றைய நிலையை ஷோரூமில் கேளுங்கள். திரும்பவும் சொல்கிறேன், முழு விலை கட்டுப்படியானால் மட்டும் வாங்குங்கள்.

அரூர்: மகன் ஐடிஐ ஃபிட்டர் முடித்திருக்கிறான், இந்தத் துறைக்கு வரலாமா?

தாராளமாக வரட்டும் அக்கா. மோட்டார் வைண்டிங்கையும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள், எங்கள் பட்டறையிலேயே அதற்கு ஆள் போதவில்லை.